பூட்டிப் பிரிக்கும் பரிசு

பிள்ளையின் பிறந்தநாளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கப் புறப்படும் பெற்றோர் பெரும்பாலும் முற்றாகச் செய்து முடிந்த பொருளையே தெரிவு செய்கின்றனர். சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார் வண்டியைப் பிள்ளை இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கும். மூன்றாம் நாள், அஃது எவ்வாறு ஓடுகின்றது என்றறியும் ஆவலினால் அதனைப் பிரித்துவிடும். அப்போது அதற்குக் கிடைப்பது ஏச்சு. பொறிகளின்மேற் பிறந்த ஆர்வம் அவ்விடத்திலேயே அடங்கிப்போகின்றது.

பிரிப்பதற்கென்றே அமைந்த விளையாட்டுப் பொருளொன்றினை, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் இறைச்சி இறக்குமதி நிறுவனமொன்றிற் பணியாற்றிவந்த பிராங்க் ஹோர்ன்பி தம் மைந்தர்க்காக ஆக்கினார். 1901இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் அதற்கு மெக்கானோ என்னும் பெயர் வந்தது. துளையிட்ட உலோகத் தகடுகள், அச்சுக்கோல்கள், கப்பிகள், பற்சில்லுகள், இவற்றைப் பூட்டுதற்குத் திருகாணிகளும் நட்டுகளும் அப்பெட்டியில் இருக்கும். துளைக்கும் துளைக்கும் இடையே அரை அங்குலம், அவ்வளவு மாறுவதில்லை. அதனாலேயே எத்தகட்டையும் எத்தகட்டோடும் பொருத்தலாம். இன்று பாரந்தூக்கியாய் நின்றது நாளை பாலமாகும்.

நான்கு தகடுகளைச் சதுரமாய்ப் பூட்டும் பிள்ளை, கைபட்டதும் அச்சதுரம் சரிவதைக் காண்கின்றது. மூலைக்கு மூலை ஐந்தாவது தகட்டைப் பூட்டியதும் அஃது அசையாது நிற்கின்றது. இரும்புப் பாலங்களில் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணத்தை அப்பிள்ளைக்கு இனி எவரும் விளக்கவேண்டியதில்லை.

பெரியோரும் இப்பெட்டியை நாடியதுண்டு. அமெரிக்காவில் வன்னெவர் புஷ் அமைத்திருந்த பெருங்கணிப்பொறியை 1933இற் கண்டு திரும்பிய பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரி, வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் அத்தகைய பொறியின் சிற்றுருவொன்றை 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அமைத்தார். உடனுழைத்தவர் மாணவராயிருந்த ஆதர் போர்ட்டர். உறுப்புக்கள் பெரும்பாலும் மெக்கானோ; செலவு ஏறத்தாழ 20 பவுண். சுழலும் வட்டத்தட்டின்மேல் ஒரு சிறு சில்லு படிந்திருக்கும். தட்டின் நடுவில் அச்சில்லு சுழலாது; விளிம்பை அணுக அணுக விரைந்து சுழலும். அதன் இடத்தை மாற்றிக்கொண்டே செல்ல, அது சுழன்ற மொத்த அளவே தொகையீட்டின் விடையாகும். அணுவின் அமைப்பினைக் கணித்தற்கும் அப்பொறி பயன்பட்டது.

லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஆயினும், பெட்டியின் பெயரன்று நமக்கு முக்கியம். ஒன்றரை வோல்ட்டு மின்கலம், அதற்கேற்ற சிறு மின்குமிழ், உறையிட்ட செப்புக்கம்பி, ஓர் இரும்பாணி, சில குண்டூசிகள்: இவையும் நல்ல பரிசே. ஆணியிற் கம்பியைச் சுற்றி மின்கலத்தோடு தொடுத்தால் ஆணி குண்டூசிகளைத் தூக்கும். தொடுப்பை நீக்கினால் அவை விழும். மின்மணியை அடிக்கச் செய்வதும் இதுவேதான். கம்பி விரைவிற் சூடேறுமாதலால் நெடுநேரம் தொடுத்துவைத்தலாகாது. வீட்டுச் சுவரின் மின்னோட்டத்தைப் பிள்ளைகள் தொட விடவே கூடாது. பொத்தான் வடிவ மின்கலங்களைக் குழந்தைகள் விழுங்கினால் சில மணி நேரத்திலேயே தொண்டை வெந்து உயிருக்கே ஆபத்து நேருமாதலால், அவற்றை வீட்டில் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

மெக்கானோ விளம்பரங்கள் நெடுங்காலம் ஆண்பிள்ளைகளையே அழைத்தன. அவ்வழக்கத்தை நம் வீடுகளில் தொடர்வதற்கு நியாயம் எதுவும் இல்லை. திருகாணி பூட்டும் விரலுக்கு ஆண் பெண் என்ற பேதம் ஏது?

பரிசோடு மேசையின் ஒரு மூலையையும் கொடுங்கள். பாதி பூட்டிய பாரந்தூக்கி இரவு முழுவதும் கலையாமல் அங்கேயே நிற்கட்டும்.