எரர் காட்டாத பிழை: ஏஐ லைப்ரரியில் சிக்கியது எப்படி? புகார் எழுதுவது எப்படி?

அழகப்பா பெயரில் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கும் ஊர் காரைக்குடி. அங்கே ஒரு மாணவர், இலவசமாகக் கிடைக்கும் ஜிபியுவில் தமிழ் ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிசல்ட் சரியா வரலை. எரரும் காட்டலை. தன் டேட்டாதான் மோசம் என்று நினைத்து விட்டுவிடுவார். ஆனால், தப்பு லைப்ரரியிலேயே இருந்தால்?

அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படும் ஹக்கிங் ஃபேஸ் நிறுவனத்தின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' லைப்ரரியில் இருந்த இப்படியொரு பிழையை, 2024 அக்டோபரில் அன்ஸ்லாத் நிறுவனத்தின் டேனியல் ஹான் கணக்கோடு விளக்கினார். 2021-லேயே ஓர் ஆய்வாளர் இதைக் கவனித்திருந்தார். 2024-ல் இன்னொருவர் மறுபடியும் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே விஷயம் பெரிதானது.

பிழை என்ன?

ஜிபியுவில் மெமரி குறைவாக இருந்தால், டேட்டாவைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுப்பார்கள். இதற்கு 'கிரேடியன்ட் அக்யுமுலேஷன்' என்று பெயர். மொத்தமாகக் கொடுத்தாலும் பிரித்துக் கொடுத்தாலும் விடை ஒன்றாக வர வேண்டும். ஆனால் வரவில்லை.

பள்ளிக்கூடக் கணக்கில் சொல்லணும்னா, 'ஏ' பிரிவில் 10 பேர், சராசரி 80 மார்க். 'பி' பிரிவில் 90 பேர், சராசரி 50. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 65. ஆனால் 100 பேரின் உண்மையான சராசரி 53தான். லைப்ரரி செய்ததும் இதே தப்புதான். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை டோக்கன்கள் என்று பார்க்காமல், சராசரிகளுக்கே சராசரி எடுத்தது.

யாருக்குப் பாதிப்பு?

பெரிய ஜிபியு வைத்திருப்பவர்களுக்கு இப்படிப் பிரிக்கும் தேவை குறைவு. சின்ன மெஷினை நம்பியிருப்பவர்களுக்குத்தான் இது அன்றாட வழி.

எப்படிச் சரியானது?

பிரித்தும் பிரிக்காமலும் பயிற்சி கொடுத்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மறுநாளே விளக்கம் வெளியிட்ட ஹக்கிங் ஃபேஸ், திருத்தத்தையும் தொடங்கியது. எல்லாப் பகுதிகளின் மொத்த டோக்கன் எண்ணிக்கையால் வகுப்பதுதான் தீர்வு.

பிழையைப் பார்த்தால் என்ன செய்யணும்?

* முதலில் புதிய வெர்ஷனில் ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே யாராவது புகார் செய்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.
* முழு புராஜெக்ட்டையும் அனுப்ப வேண்டாம். பிழையைத் திரும்ப வரவழைக்கும் சில வரி கோடு போதும்.
* எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்பதை எண்ணோடு எழுதுங்கள்.
* லைப்ரரி, பைத்தான் வெர்ஷன்கள், ஜிபியு விவரம் கட்டாயம்.
* எரர் வந்தால் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், முழு எரரையும் எழுத்தாகவே ஒட்டுங்கள்.
* பாஸ்வேர்டு, ரகசிய கீ எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பாதுகாப்பு ஓட்டை என்றால் பொதுவில் போடாமல் தனியாகத் தெரிவியுங்கள்.

'வேலை செய்யலை' என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. 'இங்கே 53 வரணும், 65 வருது' என்று காட்டினால், எழுதியவர் கலிஃபோர்னியாவா காரைக்குடியா என்று யாரும் கேட்கப்போவதில்லை.