மணிமுத்தாறு புடைத்த மண்

விருத்தாசலத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். பழமலைநாதர் கோயில், ஆழத்துப் பிள்ளையார், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர், திரும்பும்போது பையில் நாலு பீங்கான் பொம்மை. வண்டி பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னல் வழியே மணிமுத்தாற்றை எட்டிப் பார்த்து, “தண்ணியே இல்லப்பா” என்பார்கள். அதோடு சரி.

தண்ணீர் குறைந்த ஆறுதான் பார்க்கத் தோதான ஆறு என்பது என் கட்சி. கரைபுரண்டு ஓடும்போது தண்ணீரை மட்டும்தான் பார்க்க முடியும். வடிந்த பிறகுதான் அது செய்த வேலை தெரியும். பொங்கல் கழிந்து மாசி, பங்குனி வரை அதற்கு நல்ல காலம். வெயில் தாழ்ந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கரையோரமாக நடக்கலாம். ஊருக்குள் வேண்டாம், சாக்கடை கலக்கும் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிவியல் பேச முடியாது.

கல்வராயன் மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சிக்கு அருகே அணையில் தேங்கி, விருத்தாசலத்தைத் தொட்டு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது இந்த ஆறு. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. (பாபநாசத்துப் பக்கம் அணை உள்ள மணிமுத்தாறு வேறு, குழப்பம் வேண்டாமென்றோ என்னவோ, அரசுக் காகிதங்களில் இதற்கு மணிமுக்தா என்று பெயர்.) மலையிலிருந்து கடல்வரை இந்த ஆறு செய்வது ஒரே வேலைதான்: முறத்தில் புடைப்பதுபோல் கனத்தையும் நொய்யையும் பிரித்துப் பிரித்துப் போடுவது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் இப்படிப் புடைத்த மண்ணில் பிறந்ததுதான். ஆனால் அது இந்த ஆறு இன்று புடைப்பது அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

மணலில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது அலை அலையான வரிகள். தண்ணீர் ஓடிய திசை எது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் சரிவு தணிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். நீரோட்டம் மணல் மணியைத் தணிந்த சரிவில் உருட்டி ஏற்றி, உச்சியிலிருந்து மறுபக்கம் கொட்டுகிறது. ஆகவே செங்குத்தான பக்கம் நோக்குவது ஓட்டம் போன திசையை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஆறுகளின் திசையைப் பாறைகளில் படிந்த வரிகளைக் கொண்டு புவியியலாளர்கள் சொல்வதும் இதே முறையில்தான்.

வரிகளின் பள்ளங்களில் கறுப்புக் கோடுகள் தெரியும். “இது மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?” என்ற கேள்வி வராமல் இருக்காது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அந்த மணலில் இழுத்தால் மீசை முளைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். மேக்னடைட் என்ற இரும்புத் தாது அது. சாதாரண மணல் மணி நீரைவிட 2.65 மடங்கு கனம், மேக்னடைட் 5.2 மடங்கு. நீரோட்டம் லேசானதை அடித்துக்கொண்டு போக, கனமானது பின்தங்கிச் சேர்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் சுந்தரர் கதையைச் சொல்லாமல் போக முடியாது. முதுகுன்றம் என்ற விருத்தாசலத்து ஈசனிடம் பெற்ற 12,000 பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது தல வரலாறு. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்ற பேச்சுக்கும் இதைத்தான் காட்டுவார்கள். பொன் நீரைவிட 19.3 மடங்கு கனம். மேக்னடைட்டே பின்தங்கும் ஆற்றில் பொன் நகருவது லேசில்லை. போட்ட இடத்திலேயே மணலுக்கடியில் புதைந்திருக்கும். திருவருள் இல்லாமல் திருவாரூர் போயிருக்காது என்பதை இயற்பியலும் ஒப்புக்கொள்ளும்!

மணலைத் தாண்டி ஓட்டம் தேங்கி வற்றிய பள்ளத்துக்கு வந்தால் சேறு காய்ந்து வெடித்திருக்கும். களிமண் காயும்போது சுருங்குகிறது. மேல்தோல் முதலில் காய்வதால் ஓரங்கள் மடிந்து மேலே எழும்புகின்றன. புதிதாக வெடித்த சேற்றில் ஒரு பிளவு இன்னொன்றைச் செங்கோணத்தில் முட்டி நிற்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்த சேற்றிலோ மூன்று பிளவுகள் சுமார் 120 பாகையில் கூடி அறுகோணம்போல் ஆகும். எது ஒருமுறை காய்ந்தது, எது பலமுறை காய்ந்தது என்று பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பக்கத்து ஈரச் சேற்றில் பறவைக் கால்தடம் இருக்கும். பின்விரல் நீளமாகப் பதிந்திருந்தால் கொக்கு. முன்விரல் மூன்று மட்டும் தெரிந்தால் ஆட்காட்டியாக இருக்கலாம்.

அந்தச் சேற்றைக் கொஞ்சம் எடுத்துக் கயிறாகத் திரட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல களி. இன்னொரு பிடியைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி நிறுத்துங்கள். மணல் சில நொடியில் அடியில் அமரும். அதன்மேல் வண்டல் படியும். கலங்கல் மட்டும் மறுநாளும் தெளியாது. காரணம் மணியின் அளவு. நீரில் விழும் மணியின் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 2 நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு அதே தூரம் இறங்க ஏறக்குறைய 3 நாள். ஓடும் தண்ணீரில் அதற்கு இறங்க நேரமே கிடைக்காது. அதனால்தான் களிமண் எங்கே கனமாகப் படிந்திருந்தாலும், அங்கே ஒரு காலத்தில் அசையாத தண்ணீர் நின்றது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

நம் பாட்டிகள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து ஆற்றுக் கலங்கலைத் தெளிய வைத்தார்கள். களிமண் துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். கொட்டையிலிருந்து கரைந்து வருவது அவற்றைப் பிணைத்துக் கட்டியாக்குகிறது. கட்டி விரைவாக விழுகிறது. உப்பும் இதையே செய்யும். பாட்டிலில் ஒரு கை கல்லுப்பைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் வேறுபாடு தெரியும். பரங்கிப்பேட்டையில் ஆற்றுநீர் கடல்நீரைச் சந்திக்கும் இடத்தில் கலங்கல் படிவதற்கும் உப்பு ஒரு காரணம்.

இனிப் பீங்கான். மலைப்பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் நெடுங்காலம் மழையில் நனைந்து சிதைந்து கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் ஆகிறது. ஆற்றங்கரைக் களியில் அதோடு இரும்பும் மணலும் இலைதழைச் சத்தும் கலந்திருக்கும். சுட்டால் இரும்பு செந்நிறம் காட்டும். அகல், பானை, செங்கல் எல்லாம் சிவப்பாக இருப்பது இதனால். வெள்ளைப் பொம்மைக்கு இரும்பு குறைந்த களி வேண்டும். விருத்தாசலத்துக்கு அது கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியுள்ள நெய்வேலியில் கிடைத்தது. அங்கே பழுப்பு நிலக்கரியை எட்ட 50 முதல் 100 மீட்டர் வரை மேல்மண்ணை அகற்ற வேண்டும். அந்த மேல்மண்ணில் வெள்ளைக் களிப் படுகைகள் இருக்கின்றன. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் அந்த அடுக்குகள் பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை. சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ள திருவக்கரைக் கல்மரங்களும் அதே அடுக்கில்தான் கிடக்கின்றன. இன்று பெயர் தெரியாத ஏதோ ஓர் ஆறு ஓய்ந்து நின்ற மடுவில் படிந்த களிதான் கொலுப்படியில் செட்டியாராக உட்கார்ந்திருக்கிறது.

அதற்கும் முன்னே இங்கே கடலே இருந்தது. இன்று கடல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆனால் டைனோசர் காலத்துக் கடல் உயிரிகளின் புதைபடிவங்களை 1840களிலேயே இந்த வட்டாரத்தில் ஆங்கிலேயர் சேகரித்தார்கள். புதுச்சேரியோடு விருத்தாசலத்தின் பெயரும் அப்போதே புவியியல் நூல்களில் ஏறிவிட்டது. 1862இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு இவற்றை விரிவாக எழுதினார்.

நடந்து முடித்து ஊருக்குள் வந்து ஒரு பீங்கான் பட்டறையைப் பார்த்தால் பாட்டில் விளையாட்டின் மறுபாதி கிடைக்கும். பொம்மைக்குக் களியைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரை ஒட்டிக் களி தடிக்கிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை. கூழ் அடியில் படியாமலும், நிறையத் தண்ணீர் ஊற்றாமலேயே இளகி ஓடவும் வேண்டுமே. அதற்குச் சோடியம் சிலிகேட் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். அது துகள்களை ஒன்றையொன்று இன்னும் அதிகமாகத் தள்ள வைக்கிறது. தேற்றாங்கொட்டைக்கு நேர் எதிர் வேலை.

போவதற்கு முன் சில காரியங்கள். மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய தண்ணீர் முழங்கால் ஆழம்போல் தெரியும், ஆள் மூழ்கும். பிள்ளைகளை அதன் பக்கம் விடவே கூடாது. மழைக்காலத்திலும் அணை திறந்திருக்கும் நாளிலும் படுகையில் இறங்க வேண்டாம். சீமைக்கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைக்கும், ஷூ நல்லது. பங்குனிக்குப் பிறகு போனால் கீழே பார்த்து நடங்கள்: ஆட்காட்டி கூழாங்கல் நிறத்தில் தரையிலேயே முட்டையிடும். தலைக்கு மேல் அது கத்திச் சுற்றினால் வந்த வழியே திரும்பிவிடுவது மரியாதை. மணல் கலந்த செங்குத்துக் கரையில் வரிசையாகச் சிறு பொந்துகள் தெரிந்தால் அவை பஞ்சுருட்டான் குடைந்தவையாக இருக்கலாம். தள்ளி நின்றே பாருங்கள்.

 ஆற்றில் நடக்கச் சீட்டு வேண்டாம். ஆனால் பட்டறைக்குப் போகும்போது முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது, முக்கியமாகக் கார்த்திகைக்கு முந்தைய வாரங்களில். அகல் விளக்கு வேலையில் அவர்களுக்கு நிமிர நேரமிருக்காது. மெருகு ஏற்றாத அகல் ஒன்று, ஏற்றியது ஒன்று வாங்கி, இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எது குடிக்கிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள்.