குகைச் சிறுத்தையும் பாதுஷாவின் சிங்கமும்

கல்முனை, சம்மாந்துறைப் பகுதி வயல்களுக்கு நீர் தருகின்ற பட்டிப்பளை ஆறு வழிந்துவரும் மேற்குக் காட்டுப் பிரதேசத்திலும் அதையடுத்த மலைச்சாரல்களிலும், பாறை ஒதுக்குகளின் சுவர்களிலே இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள் தீட்டிய வெண்ணிறச் சித்திரங்கள் சில இன்றும் காணக்கிடைக்கின்றன. யானைமேல் ஒருவன் அமர்ந்திருக்கிறான். மற்றொருவன் வில்லேந்தி நிற்கிறான். உடலெங்கும் புள்ளி பரந்த சிறுத்தையொன்றும் இருக்கிறது. மனித உருவங்கள் குச்சிகளைப் போல இருக்க, சிறுத்தையின் புள்ளிகளை மாத்திரம் ஒன்றும் விடாமல் இட்டிருக்கும் சிரத்தை நம் கவனத்தை ஈர்க்கிறது.

இத்தகைய படத்தைக் கண்டவுடன், சிறுத்தை குரூரத்தின் சின்னம், யானை ராஜ்யத்தின் சின்னம் என்று மனப்பாடமாய்ப் பொருள் உரைக்கும் வித்துவான்கள் நம்மிடையே உண்டு. ஐரோப்பாவிலோ, சாலமன் ரைனாக் என்ற பிரெஞ்சு அறிஞர் 1903-இல், குகைச் சித்திரங்கள் வேட்டை பலிக்கவேண்டிச் செய்த மாந்திரிகக் கிரியைகளே என்று வாதித்தார். ஆனால் மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர், 1911-இல் வெளிவந்த தமது நூலுக்காக வேடர்களையே விசாரித்தபோது கிடைத்த விடை வேறு. வரைந்தவர்கள் பெண்கள், வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை, அடுப்புச் சாம்பலை உமிழ்நீர்விட்டுக் குழைத்து, விரலால் பொழுதுபோக்காய்த் தீட்டினார்களாம்.

அப்படியானால் விலங்குச் சித்திரத்தில் குறியீடே இல்லையா? உண்டு, அதற்கும் சாட்சி வேண்டும். ஜஹாங்கீர் பாதுஷாவின் ஓவியரான அபுல் ஹஸன் 1618 அளவில் வரைந்து, இப்போது வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கும் படத்தில், வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரில் சந்தித்திராத ஜஹாங்கீரும் பாரசீகத்து ஷா அப்பாஸும் பூகோளத்தின்மேல் நின்று தழுவிக்கொள்கிறார்கள். காலடியில் சிங்கமும் ஆடும் அருகருகே படுத்திருக்கின்றன. சமாதானக் காட்சியென்று மகிழ்வதற்குமுன் பூகோளத்தை நோக்கவேண்டும்: பாதுஷாவின் காலடிச் சிங்கம் இந்துஸ்தானத்தையும் கடந்து உடலை நீட்டி, ஷாவின் ஆட்டை மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. காந்தஹார் கோட்டைக்காக இரு அரசுகளும் போட்டியிட்ட காலம் அது. இங்கே பொருள் சிங்கத்தின் வீரத்தில் இல்லை, அது படுத்திருக்கும் இடத்திலேதான் இருக்கிறது.

வேடப் பெண்களின் சித்திரத்துக்கு அத்தகைய தேசப்படமும் இல்லை, ஏவிய அரசனும் இல்லை. அந்நியர் கேட்டதனால் அவர்கள் மனத்திலிருந்ததை மறைத்திருக்கவும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், மழைத்துளி பட்டால் கரைந்துபோகும் சாம்பலைக் கொண்டு வரைந்தவர்கள் அதை நிரந்தரமான மந்திரமாக எண்ணியிருப்பார்கள் என்று கொள்வதைவிட, அவர்கள் சொன்னதையே நம்புவது எனக்கு எளிதாயிருக்கிறது.