சீனியும் குளுக்கோசும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் தேநீரில் இடும் சீனியை அறிவியல் 'சுக்ரோசு' என்கிறது. குளுக்கோசும் பிரக்டோசும் இணைந்த சேர்மம் அது. 'ஓசு' என்னும் ஈறு சர்க்கரை வகைகளின் வேதியியல் அடையாளம்.

நீரிழிவை மலாய்மொழி 'கென்சிங் மானிஸ்' என்னும். அதே பொருளில் மலேசியத் தமிழர் 'இனிப்புநீர்' என்பர். "இரத்தத்தில் சீனி கூடிவிட்டது" என்றும் கூறுவர். உண்மையில் கூடியது சுக்ரோசு அன்று, குளுக்கோசு. சோற்றிலுள்ள மாவுப்பொருளும் செரிமானத்தில் குளுக்கோசாகவே மாறுகிறது. ஆகவே, தேநீரில் சீனியை நீக்கிவிட்டுச் சோற்றை அளவின்றி உண்பது, சொல் தந்த மயக்கமே.

வழக்குச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. சமையலறைப் பொருளுக்குச் சீனி, குருதியில் அளப்பதற்குக் குளுக்கோசு என ஆசிரியர் பிரித்துக் கற்பித்தால், மாணவர் வழியே அத்தெளிவு இல்லத்தையும் சென்றடையும்.