தராசும் உழவரும்

கொக்கோக் காய்கள் மரத்தின் தண்டிலும் பெருங்கிளைகளிலும் ஒட்டிக் காய்ப்பவை. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டு உழவர்கள் அவற்றை அறுத்து உடைத்து, வெண்சதை பொதிந்த விதைகளைக் குவித்து, வாழையிலைகளால் மூடி ஏறத்தாழ ஆறு நாள் நொதிக்க வைப்பர். பின்னர்ப் பாய்களில் பரப்பி வெயிலில் உலர்த்துவர். சாக்லேட்டின் மணம் பிறக்கத் தொடங்குவது தொழிற்சாலையில் அன்று, இந்த இலைகளுக்கு அடியில்தான்.

அந்நாட்டுக் கொக்கோவில் பெரும்பகுதி சிறு நிலங்களில் விளைகிறது. ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு, 64 கிலோ எடையுள்ள சில மூட்டைகளாகத் தராசில் ஏறுகிறது. கொள்முதல் விலையை அரசு அறிவித்துவிடும். 1947இல் தோன்றிய கொக்கோ வாரியம் வகுத்த ஏற்பாடு அது. விலையைக் குறைக்க இயலாத இடத்தில் எடையைக் குறைப்பது எளிது. அறிவிக்கப்பட்ட விலை எவ்வளவு உயர்ந்ததாயினும், தராசு பிறர் கையில் இருக்குமாயின் உழவருக்கு அதனால் என்ன பயன்?

1990களின் தொடக்கத்தில் உள்நாட்டுக் கொள்முதலில் பிறரும் ஈடுபட அரசு இசைந்தது. அவ்வாய்ப்பைப் பற்றி, 1993இல் உழவர்கள் ‘குவாப்பா கொக்கோ’ என்னும் கூட்டுறவை அமைத்தனர். துவி மொழியில் அப்பெயருக்கு ‘நல்ல கொக்கோ உழவர்’ என்பது பொருள். ஊர்தோறும் எடையிட்டுக் கணக்கெழுதுபவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். நியாய வணிகத்தின் வழி கிடைத்த கூடுதல் தொகை கிணறுகளாகவும் பள்ளிகளாகவும் ஆயிற்று. 1998இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட டிவைன் சாக்லேட் நிறுவனத்தில் இக்கூட்டுறவு பங்குதாரராகவும் ஆனது. விதையை விற்றவர் இனிப்பின் இலாபத்திலும் பங்கு கேட்டது அத்தொழிலில் அரிய நிகழ்வாகும்.

எனினும், தராசைக் காத்தவர்களால் மரத்தைக் காக்க முடியவில்லை. மாவுப்பூச்சிகள் பரப்பும் தண்டு வீக்க நச்சுயிரி நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தை வெட்டுவதே வழி. அந்நோயாலும் பருவநிலை மாற்றங்களாலும் விளைச்சல் சரிந்தமையால், 2024இல் உலகச் சந்தையில் ஒரு டன் கொக்கோவின் விலை 10,000 டாலரைக் கடந்தது. அந்த உயர்வு கானா உழவரை உடனே முழுமையாகச் சேரவில்லை. விளைச்சலின் பெரும்பகுதியை வாரியம் முன்னரே குறைந்த விலைக்கு விற்க ஒப்பியிருந்தது. விலை வீழும் ஆண்டுகளில் உழவரைக் காக்கும் ஏற்பாடே, விலை ஏறிய ஆண்டில் அவருக்குத் தடையாயிற்று. போதாக்குறைக்கு, விற்பதற்குப் பலரிடம் விளைச்சலும் குறைவு.

ஆகவே விலை உயர்வு மட்டும் போதாது. மறுநடவுக்கும் உதவி வேண்டும். புதிய கன்று காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை நிழலுக்காக இடையே நட்ட வாழையின் குலைகளே வீட்டிற்கு உணவும், சந்தைக்குச் சரக்கும் ஆகின்றன.