விண்வெளியில் தலைக்கவசத்துக்குள் புகுந்த தண்ணீர்

2013 ஜூலை 16ஆம் தேதி, அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு வெளியே பணியில் இருந்த இத்தாலிய வீரர் லூக்கா பர்மித்தானோ, தம் பின்னந்தலை ஈரமாவதை உணர்ந்தார். வெளியே வந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தலைக்கவசத்தில் காற்று வரும் வழியே பின்னந்தலைப் பக்கம்தான் இருக்கிறது. பூமியில் நாம் விடும் மூச்சு, சூடாக இருப்பதால் தானாகவே மேலெழுந்து கலைந்துவிடும். எடையற்ற நிலையில் அது நடக்காது. கரியமில வாயு மூக்கின் முன்னாலேயே தேங்கி நிற்கும். அதனால் முதுகுப் பெட்டியிலுள்ள சிறு மின்விசிறி ஒன்று உயிர்வாயுவை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் காற்று தலையைத் தாண்டி, முகக் கண்ணாடியில் பனி படியாமல் காத்து, மூச்சுக் காற்றைக் கீழே அடித்துச் செல்லும். கைகால் பக்கம் சென்று, குழாய்கள் வழியே முதுகுப் பெட்டிக்குத் திரும்பிச் சுத்தமாகி, மறுபடியும் தலைக்கு வரும்.

அந்த மின்விசிறி, குளிர்விக்கும் நீரை ஓட்டும் பம்பு, காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிக்கும் கருவி ஆகிய மூன்றும் ஒரே மோட்டாரில் சுழல்பவை. நீர் பிரிக்கும் கருவியின் நுண்துளைகளைச் சிலிக்காத் துகள்கள் அடைத்துவிட்டன. போக வழியில்லாத தண்ணீர், காற்றின் பாதையில் ஏறிவிட்டது.

ஒரு வாரத்துக்கு முன்பே அதே உடையில் தண்ணீர் காணப்பட்டது. குடிநீர்ப் பையின் கசிவு என்று கருதி விட்டுவிட்டார்கள். வருத்தம் தரும் பகுதி இதுதான்.

விண்வெளியில் தண்ணீர் வடியாது; ஒட்டிக்கொள்ளும். கண்களையும் மூக்கையும் நீர் மூடியது. இதற்கிடையே சூரியனும் மறைந்துவிட்டது. பார்வை மங்கிய பர்மித்தானோ, தம்மை நிலையத்தோடு பிணைத்திருந்த பாதுகாப்புக் கம்பியின் இழுப்பை வைத்தே திசையறிந்து நுழைவாயிலை அடைந்தார். ஆறு மணி நேரத்துக்கும் மேல் திட்டமிடப்பட்ட பணி 1 மணி 32 நிமிடத்தில் முடிந்தது. உள்ளே ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் சேர்ந்திருந்தது.

அதன்பின் நாசா இரண்டு எளிய மாற்றங்களைச் செய்தது. பின்னந்தலையில் நீரை உறிஞ்சும் பஞ்சு அட்டை ஒன்று. தலைக்கவசத்திலிருந்து உடையின் இடுப்புப் பக்கம் இறங்கும் மூச்சுக்குழாய் மற்றொன்று. முகம் மூழ்கினாலும் அங்குள்ள காற்றை வாயால் இழுக்கலாம்.

2022 மார்ச்சில் ஜெர்மானிய வீரர் மத்தியாஸ் மவுரரின் தலைக்கவசத்திலும் ஈரப்படலம் தென்பட்டது. இம்முறை யாரும் குடிநீர்ப் பையைக் காரணம் காட்டவில்லை. நாசா தன் வழக்கமான விண்வெளி நடைகளைப் பல மாதங்களுக்கு நிறுத்தி வைத்து, உடையைப் பூமிக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தது.