மண்ணில் தங்கும் செம்பு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறுகிறது. வழியில் தேயிலைத் தோட்டங்கள் தென்படும். கேரள மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வந்துள்ளன.

1946ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியது. மழைக்காலத்தில் இளங்கொழுந்தைக் கெடுக்கும் பூஞ்சை நோய் அது. அதனைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்துகள் தெளிக்கப்பட்டன. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், திராட்சைக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் முறையை 1885இல் மில்லார்டே என்னும் அறிஞர் வெளியிட்டார். தேயிலை மருந்தும் அவ்வழியில் வந்ததே. தெளித்ததில் ஒரு பகுதி மழையில் கழுவுண்டு மண்ணில் இறங்குகிறது. மருந்துகள் பல நாளடைவில் சிதைந்துவிடும். செம்போ ஒரு தனிமம், அது சிதைவதில்லை.

செம்பு முற்றிலும் தீயதன்று. பறித்த கொழுந்தைக் கருநிறத் தேயிலையாக மாற்றும் நொதியிலேயே செம்பு உள்ளது! அளவு மிகுந்தால்தான் வேருக்கும் மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு.

அமிலம் மிகுந்த மண்ணில் செம்பு எளிதில் கரைந்து வேரை அடைகிறது. சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டால் அமிலம் தணியும். செம்பு மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மட்கிய தழையுரமும் அதனைப் பற்றிக்கொள்ளும். இவற்றால் மண்ணிலுள்ள செம்பின் அளவு குறைவதில்லை. வேர் உறிஞ்சத்தக்க பங்கே குறைகிறது.

இக்கட்டு நிலையானதுமன்று. அம்மோனிய உரங்கள் மண்ணை மீண்டும் அமிலமாக்குகின்றன. பெருமழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் செல்கிறது. நுண்ணுயிர்கள் மட்கைச் சிதைக்க, அது பற்றியிருந்த செம்பில் ஒரு பகுதி விடுபடுகிறது. ஆயினும் காலம் முழுப் பகையன்று. செம்பில் ஒரு பங்கு, செம்மண்ணின் இரும்புத் துகள்களுக்குள் மெல்ல ஆழ்ந்து இறுகிவிடுவதும் உண்டு.

அப்படியானால் சுண்ணாம்பை நிறைய இட்டால் என்ன? தேயிலை அதனை ஏற்காது. அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணிலேயே அது செழிக்கும். ஆகவே மண்ணை ஆய்ந்து, கவாத்துச் சுற்றுக்கு ஒருமுறை அளவாகச் சுண்ணாம்பு இடுவதே தோட்ட வழக்கம். கவாத்துத் தழையை அங்கேயே பரப்பினால் மட்கும் புதுப்பிக்கப்படும். சரிவில் மண்ணரிப்பும் குறையும். அரிக்கப்படும் மண்ணோடு செம்பும் ஓடையைச் சேரும் என்பதால், இது தோட்டத்திற்குக் கீழே வாழ்வோருக்கும் உரிய செய்தியாகும்.